விளைவிப்பவர் வீட்டு அடுக்களை

சேலம் மாநகரில் நின்று எத்திசை நோக்கினும் மலையே கண்ணில் படும். வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே இரும்புக்கல் செறிந்த கஞ்சமலை, தென்கிழக்கே ஜருகுமலை, அதற்கப்பால் போதமலையும் மேகம் தவழும் கொல்லிமலையும். இம்மலைகளின் நடுவே தொடங்கித் தெற்கே காவிரிக்கரை வரை சரிந்து செல்லும் செம்மண் பூமியே சேலம், நாமக்கல் சமவெளி. 1997ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகியது. எல்லை பிரிந்ததேயன்றி மண்ணும் மழையும் உழவர் வாழ்வும் பிரியவில்லை.

இங்கு விளையும் பொருள்களை எண்ணத் தொடங்கினால் ஒரு பெருஞ்சந்தையே கண்முன் எழுகின்றது. ஆத்தூர்ப் பகுதியின் மரவள்ளியும் பாக்கும், நாமகிரிப்பேட்டை மஞ்சள், இராசிபுரம் நெய், நாமக்கல் முட்டை, மோகனூர் வாழை, பரமத்தி வேலூர் வெற்றிலை, பிலிக்கல்பாளையம் வெல்லம், சேலத்து மாம்பழம் என்று ஊருக்கொரு பொருள் பெயர் பெற்றுள்ளது. நாளும் லாரி லாரியாக இவை வெளியூர்களுக்குச் செல்கின்றன.

இத்தனையும் விளைவிக்கின்ற சிறு உழவரின் வீட்டில் அன்றாடம் உண்ணப்படுவது யாது? இந்த ஒரு கேள்வியை மனத்திற் கொண்டு மூன்று நாள்கள் இச்சமவெளியைச் சுற்றி வந்தோம். ஆத்தூர்ச் சாலையில் தொடங்கி, இராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல் வழியாகக் காவிரிக்கரை வரை சென்றோம். கண்டதையும் கேட்டதையும் ஏடுகளிற் படித்து அறிந்ததையும் வாசகர் முன் வைக்கின்றோம். நம் வாசகக் குடும்பங்களுள் பல இத்தகைய நிலத்தை உழுது வாழ்பவை. வேறு பல, பெற்றோர் காலத்தில் அந்நிலத்தை விட்டு நகருக்கு வந்தவை. ஆதலின் இது அயலார் கதையன்று.

மேட்டாங்காட்டின் பழைய கணக்கு

இவ்வட்டாரத்தில் காடு என்றால் வனம் என்று பொருள் கொள்ளலாகாது. மழையை நம்பிய புன்செய் நிலமே காடு. அது மேட்டுப் பாங்காக இருப்பின் மேட்டாங்காடு. கிணறு உள்ள நிலம் தோட்டம். வாய்க்கால் பாயும் நிலம் வயல். சிறு உழவர்களுட் பலருக்கு வாய்த்தது காடும், பேறிருந்தால் ஒரு துண்டுத் தோட்டமுமே. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஓர் உழவரின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

அந்தக் காடுகளில் முன்னாளில் ஒரு பயிர் தனித்து நின்றதில்லை. சோளத்தோடு தட்டைப்பயறும் அவரையும், நிலக்கடலையோடு துவரையும் ஆமணக்கும், கம்போடு பச்சைப்பயறும் சால் சாலாகக் கலந்து நின்றன. மழை பிந்திய ஆண்டில் கொள்ளு விதைத்தார்கள். கிணற்றுத் தோட்டத்தில் கேழ்வரகு. களையெடுக்கச் சென்ற பெண்கள் மாலையில் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை என்று விதைக்காமலே முளைத்த கீரைகள் அவர்கள் மடியில் இருந்தன. இரவுக்குக் களியும் கீரைக் கடைசலும், காலையில் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும், இடையிடையே கொள்ளு ரசமும் அவரைக்காயும். இதுவே காட்டு உழவரின் உணவு.

வாழப்பாடிக்கு அருகே ஒரு சிற்றூரில், திண்ணையில் அமர்ந்து புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

“அம்மா, தங்கள் சிறு வயதில் வீட்டில் என்ன சமைப்பார்கள்?”

“களியும் கூழுந்தானுங்க சாமி. அரிசிச் சோறு நோம்பிக்குத்தான் கண்ணுல காட்டுவாங்க. மச்சான் மாமன் வந்தாக்க ஒரு படி அரிசி போடுவாங்க. அன்னைக்கு எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம்.”

“இப்போது?”

“இப்ப மூணு வேளையும் சோறுதானுங்க. களி கேட்டா மருமக சிரிக்கிறா. மாவு இருந்தாத்தானே கிண்டறதுக்கு?”

அரிசி உண்பது உயர்வு, களி உண்பது தாழ்வு என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு அந்த மூதாட்டியின் சொல்லே சான்று. பஞ்சத்தில் அடிபட்ட நாட்டில் அவ்வெண்ணம் எழுந்ததில் வியப்பும் இல்லை.

பஞ்சம் விட்டுச் சென்ற பாடம்

பழங்காலத்தைப் பொற்காலமென்று பாடுவது உண்மைக்குப் புறம்பாகும். மழை பொய்த்தால் கலந்து விதைத்த காடும் கருகியது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு சொல்லில் அடங்காது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் மக்கள் இருந்தனர். 1881ஆம் ஆண்டில் எண்ணியபோது 16 இலட்சமே இருந்தனர். இறந்தவரும், ஊரைவிட்டுச் சென்றவரும், பிறவாமலே போனவருமாக ஐவரில் ஒருவர் அளவுக்கு மக்கள்தொகை குறைந்திருந்தது.

அப்பஞ்சத்தின்போது நிகழ்ந்த ஒரு வழக்கு இன்றும் நினைக்கத் தக்கது. 1877ஆம் ஆண்டு இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியம் போதுமென்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரை இராத்தல் தானியமேனும் வேண்டும், அதனோடு பருப்பும் காய்கறியும் சேரவேண்டும், தானியம் ஒன்றையே தின்று உழைக்கும் உடல் நிலைக்காது என்று அவர் வாதிட்டார். வயிறு நிரம்புவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு என்ற உண்மை, ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே இம்மாகாணத்தில் எடுத்துரைக்கப்பட்டுவிட்டது.

ஆத்தூர்ச் சாலையில்

சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிச் செல்கையில் இருமருங்கும் விரல் விரித்தாற்போன்ற இலைகளோடு மரவள்ளி நிற்பதைக் காணலாம். இங்குள்ளோர் இதனைக் குச்சிக்கிழங்கு என்பர். சிறிது தொலைவுக்கொன்றாகச் சேகோ ஆலைகள். ஆலை முற்றங்களில் வெள்ளை வெளேரெனச் சவ்வரிசி காய்கின்றது. புளித்த மாவின் வாடை சாலை வரை வருகின்றது.

இத்தொழில் பிறந்ததே ஒரு பற்றாக்குறையிலிருந்துதான். இரண்டாம் உலகப் போரில் மலேயா நாட்டுச் சவ்வரிசி வரத்து நின்றது. 1943ஆம் ஆண்டளவில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் மலேயாவில் பழகிய அன்பர் ஒருவரும் மரவள்ளி மாவைக்கொண்டு இங்கேயே சவ்வரிசி செய்யத் தலைப்பட்டனர். மறு ஆண்டே ஒரு சிக்கல் எழுந்தது. நாட்டில் கடும் உணவுப் பஞ்சம் நிலவியதால், ஏழை மக்கள் உண்ணும் கிழங்கை ஆலைக்கு அனுப்பலாகாது, மாவட்டத்துக்கு வெளியேயும் கொண்டுசெல்லலாகாது என்று சேலம் கலெக்டர் ஆணை பிறப்பித்தார். உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடி முறையிட்டு அவ்வாணையை நீக்கிக்கொண்டனர். கிழங்கு வாயிற்கா, வாணிபத்திற்கா என்ற வழக்கில் வாணிபம் வென்றது. 1981ஆம் ஆண்டில் ஆலைக்காரர்களின் கூட்டுறவு நிறுவனமான சேகோசர்வ் தோன்றியது. 2023ஆம் ஆண்டில் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

மரவள்ளியைக் குறை கூற நாம் வரவில்லை. அது ஏழையின் நண்பன். கடும் வெயிலிலும் தாங்கி நிற்கும். மெலிந்த மண்ணிலும் கிழங்கு வைக்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பெண்ணின் திருமணச் செலவும் அதிலிருந்தே வந்தன. ஆனால் அதன் விலை எவ்வாறு கட்டப்படுகின்றது என்று பாருங்கள். கிழங்கில் எத்தனை பாயின்ட் மாவுச்சத்து என்று ஆலையில் அளந்து, பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று விலை தருகின்றனர். ஆலைக்கு வேண்டியது மாவுச்சத்து. குடும்பத்துக்கோ மாவுச்சத்து மட்டும் போதாது. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. அதே அளவு கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம். கொள்ளும் அவரையும் நின்ற காட்டில் கிழங்கு மட்டும் நிற்கத் தொடங்கியபோது, நிலத்திலிருந்து அகன்ற பயறு அடுக்களையிலிருந்தும் அகன்றது.

ஒற்றைப் பயிரின் இடரும் அண்மையில் வெளிப்பட்டது. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முறையாகக் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே சேலம், நாமக்கல் காடுகளிலும் பரவி இலைகளைச் சுருட்டியது. அதனை அடக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சு மாதத்தில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டனர். அறிவியல் அங்ஙனம் துணைக்கு வந்தது. எனினும் பூச்சி தாக்கிய காட்டுக்காரர் ஒருவர் நம்மிடம் சொன்னது நெஞ்சைத் தைத்தது. “கெழங்கு போச்சுன்னா காசு போச்சுங்க. காசு போச்சுன்னா பருப்பு வாங்கறது நின்னு போச்சு. முன்னெல்லாம் சோளம் போனாலும் கொள்ளாவது மிஞ்சும்.”

நியாய விலைக் கடையின் கொடை

அப்படியானால் இவ்வீடுகளில் பசி உண்டா? வயிற்றுப் பசி பெரிதும் ஒழிந்தது என்பதை மகிழ்ச்சியோடு சொல்லவேண்டும். அதன் பெருமை நியாய விலைக் கடையைச் சாரும். 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி என்று படிப்படியாக வந்த அத்திட்டம், மழை பொய்த்த ஆண்டுகளிலும் உலை வைக்க வழி செய்தது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை முற்றும் ஏமாற்றி, மறு ஆண்டுத் தொடக்கத்தில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளென அறிவிக்கப்பட்டன. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின, மாடுகளை விற்றனர். ஆனால் 1877ஆம் ஆண்டின் கோரக் காட்சிகள் திரும்பவில்லை. இது சிறிய செயலன்று.

ஆயினும் கடை தருவது பெரிதும் அரிசியே. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தது நல்ல மாற்றம். மாதத்துக்கு ஒரு கிலோப் பருப்பு ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். 2023ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. வளரும் பிள்ளைக்கும் கருவுற்ற தாய்க்கும் இந்த வேற்றுமை எவ்வளவு பெரிதென்று சொல்லவேண்டியதில்லை.

வயிறு நிரம்பியும் உடல் வாடும் நிலையை அரசின் ஆய்வுகளே காட்டுகின்றன. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு அதே குறை. அக்குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். அதே ஆய்வில் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடை கொண்டவர் என்றும் தெரிகின்றது. ஒரே வீட்டில் பருத்த உடலும் வெளிறிய கண்ணிமையும் சேர்ந்து இருப்பது இன்றைய விந்தை. சோறு மிகுந்து, அதனோடு சேரவேண்டியவை குறைந்ததன் விளைவுகளுள் இதுவும் ஒன்று.

பத்துக் கிண்ணங்கள்

உணவில் பலவகை உண்டா என்று அறிய உலக உணவு, வேளாண்மை அமைப்பு ஓர் எளிய அளவுகோலை 2016இல் வெளியிட்டது. அதனை நம் அடுக்களை மொழியிற் சொல்வோம். உண்ணும் பொருள்களைப் பத்துக் கிண்ணங்களில் இடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தானியமும் கிழங்கும் ஒரு கிண்ணம், பயறு, பருப்பு ஒன்று, கடலை, எள் முதலியவை ஒன்று, பால், தயிர் ஒன்று, மீனும் இறைச்சியும் ஒன்று, முட்டை ஒன்று, கரும்பச்சைக் கீரை ஒன்று, பரங்கி, மாம்பழம், பப்பாளி போன்ற மஞ்சள் நிறத்தவை ஒன்று, பிற காய்கள் ஒன்று, பிற பழங்கள் ஒன்று. ஒரு பெண் ஒரு நாளில் இவற்றுள் ஐந்து கிண்ணங்களிலிருந்தேனும் உண்டால்தான் ஓரளவு பலவகை உணவு உண்டாள் எனலாம். அரிசியும் குச்சிக்கிழங்கும் சவ்வரிசியும் எத்தனை உண்டாலும் ஒரே கிண்ணமே.

நாம் சென்ற வீடுகளில் பெண்களோடு அமர்ந்து இக்கணக்கைப் போட்டுப் பார்த்தோம். முந்தைய நாள் தாம் உண்டதைச் சொல்லச் சொன்னோம். சோறு, தக்காளி ரசம், தேநீரிற் கலந்த சிறிது பால், மாலையில் கடை முறுக்கு. சில வீடுகளில் மூன்றாம் கிண்ணத்தோடு எண்ணிக்கை நின்றது. ஒரு வீட்டில் முட்டை பொரித்திருந்தார்கள். அது கணவருக்கும் மகனுக்கும் பரிமாறப்பட்டுத் தீர்ந்துவிட்டது. “எனக்கென்னங்க, ரசம் ஊத்திக்கிட்டாப் போதும்” என்றார் அந்த அம்மையார். அவர் அன்று விடியற்காலை முதல் களை வெட்டியவர். மாலை வரை மாட்டைப் பார்த்தவர். தாய் கடைசியில் உண்பதையும், மிஞ்சியதை உண்பதையும் நற்பண்பென்று போற்றும் நம் குடும்பங்கள், அப்பண்பின் விலை அவள் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதைச் சிந்திக்கவேண்டும்.

கொல்லிமலை அடிவாரத்தில்

சேந்தமங்கலம் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைந்தோம். இங்கிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றைப் பல வகைகளாக மலையாளி மக்கள் காத்துவந்தனர். சமவெளியில் நிகழ்ந்தது அங்கும் நிகழ்ந்தது. சாலை வந்தது, மரவள்ளி ஏறியது, சாமைக் காடு சுருங்கியது.

ஏன் சுருங்கியது என்று கேட்டால் விலையை மட்டும் காரணமாகச் சொல்வோம். பெண்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். சாமையின் உமியை நீக்குவது உயிரை வாங்கும் வேலை. உரலில் இட்டு இடிக்கவேண்டும், புடைக்கவேண்டும், மீண்டும் இடிக்கவேண்டும். கடையில் தீட்டிய அரிசி ஆயத்தமாகக் கிடைக்கும்போது, பகலெல்லாம் காட்டில் உழைத்தவள் இரவில் உலக்கை பிடிப்பாளா? 1990களின் பிற்பகுதியிலிருந்து அங்கே பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதனை உணர்ந்தது. விதை வங்கிகளோடு நில்லாமல், உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களில் வைத்து, மகளிர் குழுக்கள் அவற்றை நடத்த ஏற்பாடு செய்தது. பழைய தானியம் தட்டுக்குத் திரும்பவேண்டுமானால் அறிவுரை மட்டும் போதாது. அதனைச் சமைப்பவளின் சுமை குறையவேண்டும் என்பதே கொல்லிமலை தரும் பாடம்.

முட்டை நகரில்

நாமக்கல்லை அடைந்தபோது மலைக்கோட்டையின் ஒற்றைப் பாறையும், லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளும் நம்மை வரவேற்றன. நகரைச் சுற்றி நீண்ட கோழிப்பண்ணைகள். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றன. வறண்ட பூமியிற் பிறந்த உழவர் மக்கள் தம் முயற்சியால் எழுப்பிய தொழில் இது.

அக்கோழிகளுக்குத் தீனி வேண்டும். ஆகவே சோளம் நின்ற பல காடுகளில் மக்காச்சோளம் நிற்கின்றது. 2018ஆம் ஆண்டில் படைப்புழு வந்து அதையும் அலைக்கழித்தது. எஞ்சிய சோளமும் பெரும்பாலும் தட்டுக்காகவே, அதாவது மாட்டுத் தீவனத்துக்காகவே விதைக்கப்படுகின்றது. அந்த மாட்டின் பால் இருவேளையும் சொசைட்டிக்குச் செல்கின்றது. வீட்டுக்கென நிறுத்துவது தேநீருக்கு ஒரு டம்ளர். பால் விற்ற காசு கடனுக்கும் தவிட்டுக்கும் போகின்றது. சோளத்தைக் கோழியும் மாடும் உண்ண, சோளம் விதைத்தவர் கடை அரிசியை உண்கிறார்.

இங்கே நம் உள்ளம் குளிர்ந்த காட்சி பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் விரிவாகத் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று. 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, 2024 ஜூலையில் ஊரக அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. வீட்டில் எட்டாத முட்டைக் கிண்ணம் குழந்தைக்குப் பள்ளியில் எட்டுகின்றது. ஆனால் பள்ளியில்லா நாளிலும், பள்ளிக்குச் செல்லாத சிறு குழந்தைக்கும், அதன் தாய்க்கும் வீடே வழி செய்யவேண்டும்.

காவிரிக்கரையில்

நாமக்கல்லுக்குத் தெற்கே நிலம் சரிந்து பசுமை தொடங்குகின்றது. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராசவாய்க்கால் பரமத்தி வேலூர்ப் பகுதிக்கு உயிர். அதனை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்று இப்பகுதி மக்கள் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் வரிசை வரிசையாக நிற்கின்றன. நீர் உண்டு, ஆனால் பலர் குத்தகைக்கு உழுபவர். குத்தகைப் பணம் கட்டவேண்டிய நிலத்தில் ஒவ்வோர் அடியும் காசாகவேண்டும். கீரைக்கும் அவரைக்கும் இடம் விடுவது இழப்பாகத் தோன்றுகின்றது.

எனினும் இங்கே ஒரு நல்ல மரபு எஞ்சியிருக்கக் கண்டோம். வெற்றிலைக்கொடி படர அகத்தியை நடுகிறார்கள். அகத்தி இலை ஆட்டுக்கும் ஆகும், அடுக்களைக்கும் ஆகும். வாழைத் தோட்டத்துப் பெண்கள் பூவையும் தண்டையும் வீணாக்குவதில்லை. விற்பனைப் பயிருக்குள்ளேயே வீட்டு உணவும் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இவை எடுத்துக்காட்டு. கிழங்குக் காட்டிலும் இது இயலும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு குடும்பத்தில், மரவள்ளி நட்ட முதல் இரண்டு மூன்று மாதங்களில், குச்சி தழைத்து நிழல் கட்டுமுன், இடையே சின்ன வெங்காயமும் உளுந்தும் தட்டைப்பயறும் எடுத்துவிடுகின்றனர். வரப்போரம் துவரை, கிணற்று வாய்க்கால் ஓரம் பரங்கியும் பப்பாளியும், வாசலில் முருங்கை, முற்றத்தில் நான்கு நாட்டுக்கோழிகள். அவ்வீட்டு அம்மையாரின் கணக்கு ஏழு கிண்ணங்களை எட்டியது. அவர்கள் நிலம் அடுத்தவர் நிலத்தைவிடப் பெரிதன்று. “என்ன நடறதுன்னு ரெண்டு பேருமாப் பேசித்தானுங்க முடிவு பண்ணுவோம்” என்றார் அவர்.

இந்தச் சொல்லில் பெரும் பொருள் உண்டு. விதைப்பது ஆணின் முடிவாகவும் சமைப்பது பெண்ணின் கடமையாகவும் பிரிந்துபோன வீட்டில், காட்டுக்கும் அடுப்புக்கும் இடையே உறவு அறுந்துவிடுகின்றது. கேட்கப்படும் பெண் அவரையும் கீரையும் கேட்கிறாள்.

சேலத்து மைந்தர் ஒருவர்

இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் சி. கோபாலன் 1918ஆம் ஆண்டில் இதே சேலத்தில் பிறந்தவர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. குன்னூரில் தோன்றிப் பின்பு ஹைதராபாத்துக்குச் சென்ற ஆய்வகம் அவர் தலைமையில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக உயர்ந்தது. நம் நாட்டு உணவுப் பொருள்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவற்றின் சத்துக்களை ஆராய்ந்து பட்டியலிட்ட பணியில் அவர் முன்னின்றார். விலையுயர்ந்த மாத்திரையையும் டப்பா உணவையும் நாடாமல், ஏழைக்கு எட்டும் உள்ளூர் உணவுகளைக்கொண்டே குறையை நீக்கலாம் என்பது அவர் கொள்கை. நூறாண்டு கடந்து வாழ்ந்து 2019இல் மறைந்தார். அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும், ஒரு நாளின் உணவுச் சக்தியில் தானியத்தின் பங்கு நூற்றுக்கு 45க்கு மேற்படலாகாது, எஞ்சியது பயறு, காய், கீரை, பால், முட்டை, பழம் முதலியவற்றிலிருந்து வரவேண்டும் என்கின்றது.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டுமென்று அஞ்சவேண்டாம். ஒரு முருங்கைப் போத்து அண்டை வீட்டில் கிடைக்கும். ஒரு பிடி அவரை விதையை அடுத்த ஊர் அத்தை தருவாள். ஊறவைத்த கொள்ளும் முளைகட்டிய பயறும் அடுப்பையும் அதிகம் கேட்பதில்லை. கீரையுண்ணும்போது எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதன் இரும்புச் சத்து உடலில் எளிதிற் சேரும். உணவோடு தேநீர் பருகினால் அது தடைப்படும். இவை தாய்மார் கூடும் இடங்களிலெல்லாம் பேசத்தக்கவை. பள்ளிக்கூட வளாகத்தில் ஒரு காய்கறிப் பாத்தியும், ஊர்க் குடும்பங்களுக்குள் விதை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் இருந்தால் ஓர் ஆண்டிலேயே பயன் தெரியும்.

கிழங்கு ஆலைக்குச் செல்லட்டும். முட்டை கடல் கடந்தும் செல்லட்டும். அவற்றின் வருவாய் இக்குடும்பங்களுக்கு இன்றியமையாதது. வரும் ஆடிப் பட்டத்தில் விதைக்கூடையை எடுக்கும்போது, சந்தைக்கு எத்தனை சால் என்று எண்ணுமுன், அடுக்களைக்கு எத்தனை சால் என்று வீட்டுப் பெண்ணைக் கேட்டு விதைத்தால் போதும். அன்று விளைவதில் முதற்பிடி அவள் தட்டில் விழுகின்றதா என்பதையும் வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும்.